ரெண்டு விரற்கடை

தாமரை என்று பெயர் வைத்தவனுக்கு
நமைச்சல் தெரிந்திருக்காது.
படரும் என்பதை மட்டும் சரியாகச் சொன்னான்.

எனக்கு அது ஆடியில் வந்தது, முதுகில்,
ரவிக்கை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே,
எந்தக் கையும் எட்டாத பிரதேசத்தில்.
பார்க்க ரெண்டு கண்ணாடி வேண்டும், ஒரு விளக்கு வேண்டும்.
வீட்டில் கண்ணாடி ஒன்றுதான்.
விளக்கு, தாம்வேயில், வரும்போது வரும்.

நாலாம் மாடி. மழை விட்டால்தான் துணி காயும்.
மழை விடவில்லை.
ஈரத்தோடே இடுப்புக்கு ஏறின உள்பாவாடைகள்.
ஒரே கொடி, ஒரே துவாலை, ரெண்டு மருமகள்கள்.
புருஷன்மார் இருவரும் பினாங்கில், ஒரே அறையில்.
தண்ணி மோட்டார் கணக்கில்
நாலாயிரம் கியாட் குறைந்த நாளிலிருந்து
என் ஓரகத்தி பாக்கியவதியும் நானும் பேசுவதில்லை.
அவள் குழம்பு அவளுக்கு.
உப்பு ஜாடி மட்டும் பொது.

முதலில் முனைக்கடையில் வாங்கினேன்.
படிக்கத் தெரியாத எழுத்து ஒட்டிய குழாய்.
"மூணே நாள்" என்றான்.
துடைப்பக் குச்சியில் பஞ்சு சுற்றி
குருட்டாம்போக்கில் பூசினேன்.
மூணே நாள்தான்.
நமைச்சல் போன திசை தெரியவில்லை.
அம்மனுக்கு ஒரு தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன்.
பத்தாம் நாள் நிறுத்தினேன்.
பன்னிரண்டாம் நாள்
ஒன்று ஏழாகித் திரும்பி வந்தது,
இடுப்பைச் சுற்றி, அக்குள்வரை,
கரையில்லாமல், வட்டம் என்றுகூடச் சொல்ல முடியாமல்.

மருந்துக்கடை தொ சான் யீ
குழாயின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.
"இதில் ஸ்டீராய்டு.
நாய்க்குத் தூக்க மருந்து கொடுத்திருக்கிறாய்.
குரைக்கவில்லை என்றதும்
திருடன் போய்விட்டான் என்று நினைத்தாய்."
பர்மியில் சொன்னதால் இன்னும் கொஞ்சம் சுட்டது.
வெறும் குளோட்ரிமசோல் எடுத்துக் கொடுத்தாள்.
காலையும் ராத்திரியும். நாலு வாரம்.
"வளையத்தின்மேல் மட்டுமல்ல,
வெளியே ரெண்டு விரற்கடை, நல்ல தோலிலும்.
மறைந்த பிறகும் ரெண்டு வாரம். துவாலை தனி.
சரி, முதுகுக்கு யார் இருக்கிறார்கள்?"

நாலு மாடி ஏறும்வரை
இதற்குத்தான் பதில் தேடினேன்.

ராத்திரி பதினொன்றுக்கு மின்சாரம் வந்தது.
தெரு முழுக்க எழுந்து
சோறு வைத்தது, தண்ணீர் ஏற்றியது, இஸ்திரி போட்டது.
நான் குழாயை அவள் பாயோரம் வைத்துவிட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் மூடி திருகும் சத்தம்.
அப்புறம் குளிர்ச்சி.
தினமும் கல்லில் தனாக்கா இழைக்கிற கை,
வட்டம் அதற்குப் பழக்கம்.
வெளியிலிருந்து உள்ளே வந்தது.
"சொறிஞ்சிருக்கே" என்றாள்.
முப்பத்தாறு நாளில் முதல் வார்த்தை.
திட்டா இல்லையா, முதுகுக்குத் தெரியாது.

பிறகு கை கழுவினாள். சோப்புப் போட்டு, நெடுநேரம்.
எனக்குச் சுருக்கென்றது.
அப்படித்தான் கழுவவேண்டும் என்று
தொ சான் யீ சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் கொடியில் ரெண்டு துவாலை.
என் உள்பாவாடைகள் உள்புறம் திருப்பி
இஸ்திரி போட்டு மடித்திருந்தன. நான் போடவில்லை.

மூன்றாம் வாரம், தெருவில் முழங்கால் தண்ணீர்.
கால்விரல் இடுக்கைக் காட்டினாள். சேற்றுப்புண்.
"எல்லாம் ஒங்கிட்டருந்துதான்."
"எனக்கு ஒங்கிட்டருந்து."
சண்டைதான்.
ஆனால் அவள் கால் என் மடியில் இருந்தது.

இப்போது வளையம் இல்லை. இடம் மட்டும் சற்றுக் கறுத்திருக்கிறதாம்.
இன்னும் ரெண்டு வாரம்
ஒன்றுமில்லாத தோலுக்கு மருந்து போடவேண்டும்.
நாலாயிரம் கியாட் விவகாரம் தீரவில்லை.
பதினொன்று அடித்தாயிற்று, மின்சாரம் வரவில்லை.
இருட்டில் மூடி திருகும் சத்தம்.
"எந்த இடம்?" என்கிறாள்.
எனக்கும் தெரியவில்லை.